நிழல் கங்காணி

போடிமெட்டுக்கு மேலே இருக்கும் ஏலத்தோட்டங்களில் மகாராஜன் என்று பெயர் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. நிழல் கங்காணி என்று கேட்டால் சின்னப்பிள்ளைகூட வழி காட்டும். முப்பத்திரண்டு வருடம் அவர் பார்த்த வேலை அது. ஏலச்செடிக்கு வெயில் கூடினால் இலை கருகிவிடும். நிழல் கூடினால் பூக்காமல் சும்மா வளர்ந்துகொண்டே போகும். இரண்டுக்கும் நடுவில் வைத்துக் காப்பாற்ற வேண்டும். மழைக்கு முன்னால் எந்த மரத்தில் எந்தக் கொம்பைக் கழிப்பது, எதை விட்டுவைப்பது என்று சொல்ல ஒரு ஆள் தேவை. மகாராஜன் மரத்தடியில் நின்று, புருவத்துக்கு மேல் கையை வைத்து, ஒரு சுற்று சுற்றிப் பார்ப்பார். "வடக்குக் கொம்ப எடு. அதுக்கு மேல உள்ளது இருக்கட்டும்" என்பார். கொம்பு விழுந்ததும் வெயில் அவர் சொன்ன இடத்தில்தான் வந்து இறங்கும். சூரியனே அவரிடம் கேட்டுக்கொண்டுதான் வருகிறது என்று தோட்டத்தில் பேசிக்கொள்வார்கள். அவரும் அதை மறுத்ததில்லை.

போன தை மாதம் முழங்கால் மக்கர் பண்ணியதால் வேலையை விட்டுவிட்டுப் போடிக்கு இறங்கி வந்தார். வந்த பிறகுதான் ஒரு விஷயம் புரிந்தது. சொந்த வீடு இருக்கும் தெருவில் அவரை யாருக்கும் தெரியவில்லை. மாதத்துக்கு இரண்டு நாள் வந்து போன மனிதரை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்? ரேஷன் கடையிலும் குழாயடியிலும் இருபத்தைந்து வருடமாக நின்றது அவர் மனைவி கற்பகம்தான். அதனால் அவர் 'கற்பகம் வீட்டுக்காரர்' ஆகிப்போனார். ஒருநாள் டீக்கடையில், "இந்தத் தகரத்த ஒரு சாண் கெழக்க இழுத்துப் போட்டா, பத்து மணி வெயிலு பாலு மேல விழாதுல்ல" என்று சொல்லிப் பார்த்தார். கடைக்காரர், "டீயக் குடிங்க, ஆறிறப் போகுது" என்றார். அன்று மகாராஜன் சரியாகச் சாப்பிடவில்லை. முழங்கால் வலியைவிட இது அதிகமாக வலித்தது.

இப்படி இருந்தவருக்கு மாசிக் கடைசியில் சம்சுதீனிடமிருந்து போன் வந்தது. சம்சுதீன்தான் அந்த ஏலத்தோட்டத்தின் முதலாளி. மலையில் தோட்டம், போடியில் ஏலக்காய்க் கடை. ஒரு பிடி காயைக் கையில் எடுத்து உருட்டினாலே அது எந்தப் பக்கத்துக் காய், எப்படி உலர்ந்த காய் என்று சொல்லிவிடுகிற ஆள். தோட்டத்தில் பச்சைக் காயை உலர்த்துகிற கட்டடத்துக்கு ஸ்டோர் என்று பெயர். அந்த ஸ்டோர்க் கூரையில் நாற்பது சோலார் பேனல் போடப்போவதாகச் சொன்னார்.

"கம்பெனிக்காரங்களுக்குக் கரண்டு தெரியும் கங்காணி, நம்ம மல தெரியாது. எந்த மரத்த எடுக்கணும், எந்தச் சரிவுல எத்தன மணிக்கு நெழலு விழும், இதெல்லாம் பாத்துச் சொல்ல ஒரு ஆளு வேணும். ஏறி எறங்குற சோலி கெடையாது. ஜீப்புல வந்து நின்ன எடத்துல இருந்து கைய நீட்டுனாப் போதும்."

மகாராஜன் போனைக் காதோடு இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். கங்காணி என்ற சொல்லைக் காதால் கேட்டு ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"ஆனா எனக்கும் ஒரு நம்பிக்க வேணும்ல" என்றார் சம்சுதீன். "மொதல்ல உங்க வீட்டு மாடியில போடுங்க. நாளுக்குப் பன்னெண்டு யூனிட்டு வருதான்னு ஓட்டிப் பாருங்க. சித்திர கடைசியில நானே வந்து பாக்குறேன். பன்னெண்டு வந்துச்சுன்னா மறுநாளே ஜீப்பு உங்க வாசல்ல நிக்கும்."

பங்குனி பிறந்த வாரமே பேனல் வந்து இறங்கியது. மாட்ட வந்தவள் தேனியிலிருந்து சிவரஞ்சனி. கம்பெனியில் பத்து வருடமாக இதே வேலை. இரண்டு ஆட்களை வைத்துக்கொண்டு கிழக்கே மூன்று பேனல், மேற்கே மூன்று பேனல், நடுவில் ஆள் நடக்க ஒரு வழி என்று மாடியை அளந்து கோடு போட்டாள். முகம் தெற்கே பார்க்க வேண்டும், சாய்வு பத்து டிகிரி இருக்க வேண்டும் என்றாள்.

"தெக்க பாக்கட்டும் தாயி. ஆனா கொஞ்சம் கெழக்க திருப்பிக்க" என்றார் மகாராஜன்.

"எதுக்குய்யா? எல்லா ஊர்லயும் நேர் தெக்கதான் வைப்போம்."

"எல்லா ஊர்லயும் மேக்க மல நிக்குதா? இங்க அஞ்சு மணிக்கெல்லாம் சூரியன் மலைக்குப் பின்னால போயிருவான். சாயங்கால வெயில நம்பிப் பிரயோசனமில்ல. கால வெயிலப் பிடி."

சிவரஞ்சனி மேற்கே ஒருமுறை பார்த்தாள். போனை எடுத்து ஏதோ தட்டிப் பார்த்தாள். பிறகு ஆட்களைக் கூப்பிட்டு, கோட்டை அழித்துக் கொஞ்சம் கிழக்கே திருப்பிப் போடச் சொன்னாள். மகாராஜன் மீசையை ஒதுக்கிவிட்டுக்கொண்டார். நியாயமான பெருமைதான். அந்த விஷயத்தில் அவர் சொன்னது சரி.

பக்கத்து வீட்டு வேம்பைப் பற்றியும் பேச்சு வந்தது. கிழக்கு வீடு ஆயம்மாளுடையது. புருசன் இல்லாதவள். சம்சுதீன் கடையிலிருந்துதான் அவளுக்கு மூட்டை வரும். வேம்படியில் இரண்டு பெண்களோடு உட்கார்ந்து, காயில் தூசி தட்டி, காம்பு கிள்ளி, உடைந்ததை ஒதுக்கித் தரம் பிரித்துக் கொடுப்பாள். அந்த வேம்பு மகாராஜன் வீட்டு மாடிக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டிருந்தது. சிவரஞ்சனியும் அவரும் நின்று பார்த்து, அதன் நிழல் எட்டு மணிக்குள் விலகிவிடும், பெரிய நட்டமில்லை என்று ஒரே முடிவுக்கு வந்தார்கள்.

கிளம்பும்போது சிவரஞ்சனி ஒன்று சொன்னாள். "ஐயா, ஆறு பேனலும் ஒண்ணோட ஒண்ணு கோத்துருக்கு. ஒண்ணுல ஒரு சொளகு அகலத்துக்கு நெழலு விழுந்தாலும் மத்ததையும் சேத்து இழுத்துரும். அதுல மட்டும் கவனமா இருங்க."

மகாராஜன் சிரித்தார். "நெழலப் பத்தி எங்கிட்டயா தாயி சொல்ற."

முதல் எட்டு நாளும் ராஜ வாழ்க்கை. பன்னிரண்டரை, பதின்மூன்று, மறுபடி பன்னிரண்டரை. காலையில் ஆறரை மணிக்கு மாடிக்கு ஏறி, ஈரத் துணியால் பேனலைத் துடைத்துவிட்டு இறங்குவார். நாளைக்கு ஒரு தடவைக்கு மேல் ஏற முழங்கால் சம்மதிக்கவில்லை. ஏற வேண்டிய அவசியமும் இல்லை. எவ்வளவு கரண்டு வருகிறது என்பதைப் போனே சொல்லிவிடும். டீக்கடையில் போனை நீட்டி, "இன்னிக்கு மணி ரெண்டுக்கே ஒம்பது" என்பார். கடைக்காரர் இப்போது டீ ஆறுவதைப் பற்றிப் பேசுவதில்லை.

ஒன்பதாம் நாள் ஆயம்மாள் தன் வாசலில் இருந்தபடி அண்ணாந்து பார்த்தாள். "யாத்தே, எம்மாம் பெருசு கற்பகம். பாத்தாலே கண்ணு கூசுது. நம்ம தெருவுலயே உங்க வீடுதான் இப்ப எடுப்பா இருக்கு" என்றாள். மனசார வந்த பேச்சு. கற்பகம் சிரித்துக்கொண்டே "ஆமாக்கா" என்றாள். உள்ளே வந்ததும் சிரிப்பு போய்விட்டது.

"என்னங்க, அந்தக்கா வாய் வச்சுருச்சு. புதுசா ஒண்ணு மாட்டிட்டு ஒரு பூசணிக்கா கட்டாம இருக்கமே, நமக்கு அறிவு வேணாமா?"

இதில் மகாராஜனுக்கு மாற்றுக் கருத்து எதுவும் இல்லை. தோட்டத்து ஸ்டோரில் கட்டியிருக்கிறது, டீக்கடையில் கட்டியிருக்கிறது, பக்கத்துத் தெரு இலவம்பஞ்சு மில்லில் மூன்று கட்டியிருக்கிறது. அன்று சாயங்காலமே சந்தைக்குப் போய் நல்ல பெரிய வெள்ளைப் பூசணியாகப் பார்த்து வாங்கிவந்தார். கற்பகம் அதில் கண்ணும் பல்லும் நாக்கும் வரைந்தாள். வழக்கத்தை விட்டு அவரே இரண்டாம் தடவையாக மாடிக்கு ஏறி, பேனல்களுக்கு மேலே குறுக்காகக் கயிறு இழுத்து, உறியில் வைத்துத் தொங்கவிட்டார். "நல்லா நடுவுல இருக்கட்டும், எல்லாப் பக்கமும் தெரியும்" என்றார். அப்போது மணி ஆறு. சூரியன் மலைக்குப் பின்னால் போயிருந்தது. மாடியில் நிழல் என்று எதுவுமே இல்லை.

மறுநாள் பத்து யூனிட்.

அதற்கு மறுநாளும் பத்து. மகாராஜன் முதலில் இலவம்பஞ்சைச் சந்தேகப்பட்டார். பங்குனியில் மில்லிலிருந்து பஞ்சு பறந்து தெரு முழுக்கப் படியும். பேனலைச் சோப்புப் போட்டுக் கழுவினார். பத்துதான் வந்தது. வானம் மூட்டமோ என்று பார்த்தார்; மண்டை பிளக்கிற வெயில். கம்பியில் காக்கை உட்காருகிறதோ என்று பார்த்தார். எல்லாவற்றையும் பார்த்தார், பூசணிக்காயை மட்டும் பார்க்கவில்லை. அவரைக் குற்றம் சொல்லியும் புண்ணியமில்லை. போடியில் பூசணிக்காய் என்பது கட்டடத்தில் ஒரு பாகம். ஜன்னலையும் வாசற்படியையும் யாராவது சந்தேகப்படுவார்களா? அதோடு அவர் மாடியில் நிற்கிற ஆறரை மணிக்கு நிழலெல்லாம் நீண்டு பக்கத்துத் தெருவில் போய் விழுந்துகொண்டிருந்தது.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சிவரஞ்சனிக்குப் போன் போட்டார். அவள் தேனியில் இருந்தபடியே கணக்கைப் பார்த்தாள்.

"ஐயா, எட்டு மணி வரைக்கும் சரியா ஏறுது. அப்புறம் வரவேண்டிய அளவுக்கு வரல. எங்கயோ நெழலு விழுது. ஒரு பத்து மணிக்கு மாடியில ஏறி ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. பாத்துச் சொல்லிர்றேன்."

"நெழலா?"

"ஆமாய்யா. நெழலுதான்."

மகாராஜனுக்குச் சுருக்கென்றது. முப்பத்திரண்டு வருடம். அவர் மாடியில் நிழல் விழுகிறதாம், அதை இன்னொருத்தி தேனியில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறாளாம். "நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லிப் போனை வைத்தார். போட்டோ அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

நிழல் என்றால் மரம். மரம் என்றால் வேம்பு. எட்டு மணிக்கு மேல் அந்த வேம்பால் பாதகமில்லை என்று தானே சொன்னது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. சிவரஞ்சனி சொன்னதும் எட்டு மணிக்கு மேல்தான். ஆனாலும் நிழல் விழுகிறது என்று ஆன பிறகு, வெட்டுவதற்கு ஒரு மரம் வேண்டுமே. ஆயம்மாளிடம் போய் நின்றார்.

"அக்கா, ரெண்டே ரெண்டு கொம்பு. மரத்துக்கும் நல்லது. தளதளன்னு தளுத்து வரும்."

"ரெண்டுன்னா எடுத்துக்கங்க. வெயிலு பட்டா காயி வெளுத்துப் போயிரும், பச்ச நெறம் போச்சுன்னா கடையில எடுத்துக்க மாட்டாக. பாத்துச் செய்யிங்க" என்றாள் ஆயம்மாள்.

ஆள் பிடித்து வந்து மரத்தில் ஏற்றினார். புருவத்துக்கு மேல் கையை வைத்துக் கீழே நின்றார். அந்த வாக்கில் நின்று வெகுநாள் ஆகிவிட்டதல்லவா, உடம்புக்குள் ஒரு முறுக்கு ஏறிக்கொண்டது. "அத எடு. அதுக்குப் பக்கத்துல உள்ளத எடு. அந்தத் தெக்குக் கொம்பு எதுக்கு, அதையும் எடு." முடிந்தபோது கீழே ஏழு கொம்புகள் கிடந்தன. வேம்பு மொட்டைபோட்ட தலையாக நின்றது. வேம்படி என்று ஒன்று இல்லாமல் போனது.

ஆயம்மாள் சண்டைக்கு வரவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. வெட்டிய கொம்புகளைப் பார்த்தாள், பிறகு மாடியைப் பார்த்தாள். அன்றிலிருந்து அவளும் அந்த இரண்டு பெண்களும் வெயில் நகர நகரச் சாக்கை இழுத்துக்கொண்டு சுவரோரமாக நகர்ந்தார்கள். ஒவ்வொரு தடவை நகரும்போதும் ஆயம்மாள் அண்ணாந்து மாடியை ஒரு பார்வை பார்ப்பாள்.

கற்பகம் அதைக் கவனித்துக்கொண்டே இருந்தாள். "போன தடவ வாயால வச்சுச்சு. இப்ப வயிறெரிஞ்சுல்ல பாக்குது. ஒரு பூசணிக்கா இதுக்குத் தாங்குமா?"

தாங்காது என்று யூனிட்டே சொன்னது. கொம்புகளைக் கழித்த பிறகும் பத்தைத் தாண்டவில்லை. கற்பகம் எலுமிச்சை, மிளகாய், படிகாரம், தலைகீழாகக் கட்டிய கற்றாழை என்று கயிறு முழுக்க வரிசையாகத் தொங்கவிட்டாள். ஒன்பதாகக் குறைந்தது. குறைந்ததும் அவளுக்கு இன்னும் பயம் வந்தது. வைக்கோலை அடைத்து ஆள் உயரத்துக்கு ஒரு பொம்மை செய்தாள். அதற்குப் போட, மகாராஜனின் பழைய காக்கிச் சட்டையை எடுத்துக்கொண்டாள். தோட்டத்தில் தீபாவளிக்குத் தீபாவளி கங்காணிகளுக்குச் சம்சுதீன் கொடுக்கிற சட்டை. இனி அதைப் போட எங்கே போகப்போகிறார் என்று நினைத்தாளோ என்னவோ, மகாராஜன் கேட்கவில்லை. கையை இரண்டு பக்கமும் நீட்டிய அந்தப் பொம்மையை நடுவழியில் மூங்கில் நட்டு நிறுத்தினார்கள். காக்கிச் சட்டைக் கைகள் இரண்டும் கிழக்குப் பேனல்களுக்கும் மேற்குப் பேனல்களுக்கும் மேலாக நீண்டிருந்தன. அதுவும் ஒரு சாயங்காலம்தான்.

ஏழு யூனிட்.

சித்திரை முக்கால்வாசி போயிருந்தது. மகாராஜன் டீக்கடைக்குப் போவதை நிறுத்திக்கொண்டார். போனைப் பார்ப்பதும் வைப்பதுமாக வீட்டுக்குள்ளேயே நடந்தார். கனவில்கூட அவர் கேட்டது சின்னக் காரியம்தான். ஜீப்பில் முன்சீட்டு, மலையில் நாலு பேர், "கங்காணி, இத எடுக்கவா விடவா" என்று ஒரு கேள்வி. அது ஐந்து யூனிட் தூரத்தில் நின்று அவருக்குப் பழிப்புக் காட்டியது.

அந்த மாதம் கடைசி ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வருவதாகச் சம்சுதீன் சொல்லியனுப்பினார். ஒன்பதரைக்கு மகாராஜன் பேக்கரிக்குப் போனார். அவர் அங்கே நின்ற நேரத்தில் வீட்டில் நடந்தது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது.

கற்பகம் வாசலில் தண்ணீர் தெளித்துவிட்டு நிமிர்ந்தாள். மாடியிலிருந்து வைக்கோல் பொம்மை கோரப்பல்லைக் காட்டிக்கொண்டு நேரே வாசலைப் பார்த்து நின்றது. முப்பத்திரண்டு வருடம் சோறு போட்ட மனிதர் முதல்தடவையாக வீட்டுக்கு வருகிறார். வருகிறவர் கண்ணைக் கண்டு பயந்து கட்டியதுபோல அல்லவா இருக்கும்? தப்பாக எடுத்துக்கொண்டால் வேலை போய்விடுமே. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மாடிக்கு ஓடினாள். பூசணி, கற்றாழை, எலுமிச்சை, பொம்மை எல்லாவற்றையும் கழற்றி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் திணித்துவிட்டு இறங்கிவந்தாள்.

பத்து மணிக்குச் சரியாக ஜீப்பு வந்து நின்றது. "என்ன கங்காணி, சௌக்கியமா?" என்று சம்சுதீன் இறங்கும்போதே சத்தமாகக் கேட்டார். தெருவில் நாலைந்து தலைகள் திரும்பின. பக்கத்து வாசலில் ஆயம்மாளும் காயைப் பொறுக்குவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். மகாராஜனுக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். மெதுவாகப் படியேறி முதலாளியை மாடிக்குக் கூட்டிப்போனார்.

சம்சுதீன் பேனலைச் சுற்றிவந்தார். கிழக்கே கொஞ்சம் திருப்பி வைத்திருப்பதைக் கேட்காமலே கண்டுபிடித்து, தலையை ஆட்டினார். பிறகு, "போனக் கொண்டாங்க" என்று வாங்கிப் பார்த்தார்.

"இப்ப ரெண்டாயிரத்து நூறு வாட்ஸ் ஓடுது. நல்லாத்தான் இருக்கு." விரலால் தள்ளினார். "நேத்து என்ன, ஏழுதானா? முந்தாநாளும் ஏழு. நேத்து இந்நேரம் ஆயிரத்து முந்நூறுதான் காட்டுது. இன்னிக்கு மட்டும் எப்பிடி?"

மகாராஜன் அப்போதுதான் பேனலைப் பார்த்தார். ஆறும் சுத்தமாக, ஒரு புள்ளி நிழல் இல்லாமல் மினுங்கிக்கொண்டிருந்தன. பத்து மணிக்கு அந்த மாடியில் அவர் நின்றதே இல்லை. கண் தானாகத் தேடிக்கொண்டு போனது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு காக்கிச் சட்டைக் கை நீட்டிக்கொண்டிருந்தது.

அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. முதல் பூசணியிலிருந்து விளங்கிவிட்டது. தன் கையால் கட்டிய கயிறு, தன் சட்டை, தன் மாடி. காதுமடல் வரைக்கும் சூடேறியது. உண்மையைச் சொல்ல ஒரு நொடி இருந்தது. அந்த நொடியில் அவர் கண்முன் நின்றது ஜீப்புதான்.

"ஒரு நெழலு இருந்துச்சு மொதலாளி" என்றார். "பக்கத்து வீட்டு வேம்பு. இப்ப எடுத்துவிட்டாச்சு. அதான் ஏறிருச்சு."

சம்சுதீன் முகம் மலர்ந்தது. "கங்காணின்னா கங்காணிதான். நாளைக்கே ஜீப்பு வரும், கெளம்பி இருங்க." கற்பகம் டீத்தட்டோடு வந்து நின்றாள். அவளைப் பார்த்துச் சொன்னார், "கண்ணு பட்டுரப் போகுதும்மா. ரோட்டுல போற பஸ்சுலருந்து பாத்தாலே தெரியுது. ஒரு பொம்ம கிம்ம கட்டி வைக்கக் கூடாதா?"

கற்பகத்துக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. "கட்டியிருந்தோம் மொதலாளி. நீங்க வர்றப்ப தப்பா நெனச்சுக்குவீங்கன்னுதான் இப்ப ஒரு கால்மணி நேரத்துக்கு முன்னால கழட்டி வச்சேன்."

"நான் என்னத்த நெனைக்கப் போறேன். எங்க வீட்டம்மா மெஹ்ராஜ் வாசல்ல கட்டாததா? வைம்மா, வைம்மா."

மகாராஜன், "அப்புறம் வச்சுக்கிரலாம் கற்பகம்" என்றார். அவள் காதில் வாங்கவில்லை. தொட்டிக்குப் பின்னாலிருந்து பொம்மையை இழுத்துவந்து, நடுவழியில் இருந்த மூங்கிலில் நிறுத்திக் கட்டினாள். கயிற்றையும் குறுக்கே இழுத்து, பூசணியையும் மற்றதையும் அதனதன் இடத்தில் மாட்டினாள். மூன்று பேரும் டீயைக் குடித்தார்கள். மேற்குப் பேனல்கள் மேலே சட்டை போட்ட ஒரு ஆள் கையை விரித்துக்கொண்டு படுத்திருப்பதுபோல நிழல் விழுந்தது. மகாராஜன் அதைப் பார்க்காமல் இருக்க மலையைப் பார்த்தார்.

போன் சம்சுதீன் கையில்தான் இருந்தது. டீ முடிகிற நேரத்தில் அவர் அதைப் பார்த்தார். ஆயிரத்து முந்நூறு. பொம்மையைப் பார்த்தார். சட்டையைப் பார்த்தார், அவர் எடுத்துக் கொடுத்த துணியல்லவா, தெரியாமல் இருக்குமா. எழுந்து போய், பொம்மையின் ஒரு கையைப் பிடித்து ஓரமாகச் சாய்த்தார். கொஞ்ச நேரத்தில் எண் மேலே ஏறியது. விட்டார். இறங்கியது. காய் உருட்டிப் பார்க்கிற அதே நிதானம். பிறகு கைப்பிடிச் சுவரோரம் போய்க் கீழே எட்டிப் பார்த்தார். மொட்டை வேம்படியில் மூன்று பெண்கள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு அவர் கடை ஏலக்காயை வெயிலில் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"கொஞ்ச நாளா ஆயம்மாகிட்ட இருந்து வர்ற காயி வெளுத்து வருது. ஏன்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன்" என்றார்.

போனை மகாராஜன் கையில் கொடுத்தார். குரலில் கோபம் எதுவும் இல்லை.

"மகாராஜன் அண்ணே, மலையில குளிரு சாஸ்தி. இந்த முழங்கால வச்சுக்கிட்டு எதுக்கு அலையணும். வீட்டுலயே இருந்து ஒடம்பப் பாத்துக்கங்க."

அண்ணே என்று அவர் கூப்பிட்டது அதுதான் முதல்தடவை. எவ்வளவு மரியாதையான சொல். மகாராஜனுக்கு அதைவிட ஒரு அறை கொடுத்திருந்தால் தேவலை என்று இருந்தது. ஜீப்பு தெருமுனை திரும்புகிறவரை மாடியிலேயே நின்றார். கற்பகம், "என்னங்க ஆச்சு, நல்லாத்தான பேசிக்கிட்டு இருந்தாக" என்று இரண்டு தடவை கேட்டாள். அவர் பேனல் மேல் கிடந்த நிழலைக் கையால் காட்டினார். அவள் நிழலைப் பார்த்தாள், சட்டையைப் பார்த்தாள், வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

மத்தியானம் மகாராஜன் பொம்மையைப் பிரித்தார். வைக்கோலை உதறிக் கட்டினார். மூங்கிலையும் கயிற்றையும் தோளில் போட்டுக்கொண்டு, வீட்டில் கிடந்த பழைய படுதாவையும் எடுத்துக்கொண்டு பக்கத்து வாசலுக்குப் போனார். ஆயம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். வாங்க என்று சொல்லவில்லை. போங்க என்றும் சொல்லவில்லை. அவர் பாட்டுக்கு மூங்கிலை நட்டு, படுதாவை இழுத்துக் கட்டினார்.

"அக்கா, வேம்பு தளுக்க ஒரு வருசம் ஆகும். அது வரைக்கும் இது இருக்கட்டும்."

ஆயம்மாள் நிழல் விழுந்த இடத்தைப் பார்த்தாள். "பத்தல. இன்னும் ரெண்டடி மேக்க தள்ளிக் கட்டுங்க" என்றாள். மகாராஜன் கயிற்றை அவிழ்த்து இரண்டடி மேற்கே தள்ளிக் கட்டினார்.

மறுநாள் பன்னிரண்டரை யூனிட் வந்தது. அதற்கு மறுநாளும் பன்னிரண்டரை. அதைப் பார்க்க யாரும் வரவில்லை. ஸ்டோர்க் கூரைக்கு நிழல் பார்க்கச் சிவரஞ்சனி ஜீப்பில் போனாள் என்று டீக்கடையில் சொன்னார்கள். மகாராஜன் டீயை ஆறுவதற்குள் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்.

பதினோரு மணி இருக்கும். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஆயம்மாளின் குரல் வந்தது. அதில் கேலி எவ்வளவு, கூப்பாடு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

"ஏ கங்காணி, நெழலு நகந்து போச்சு. காயெல்லாம் வெயில்ல கெடக்கு. வெரசா வந்து கட்டிவிட்டுட்டுப் போங்க."

மகாராஜன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ஆணியில் கிடந்த காக்கிச் சட்டையை எடுத்து, ஒட்டியிருந்த வைக்கோலைத் தட்டிவிட்டுப் போட்டுக்கொண்டார்.

"வர்றேன்க்கா" என்றார்.